படுவான்கரை வயல்களும் நஞ்சின் வகுப்புகளும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையிலே, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து போரதீவு வழியாக வெல்லாவெளிக்குச் செல்வோருக்கு, மாரி மழை பிடித்து விதைப்பும் முடிந்துவிட்ட நாட்களில், பாதையின் இருமருங்கும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை வயலன்றி வேறொன்றும் தென்படுவதில்லை. நிலத்துக்குரிய போடியார், வேலையை முன்னின்று நடத்தும் முல்லைக்காரர், உழுது விதைத்து வாடியிலே காவலிருக்கும் வயற்காரர், குளத்து நீரைக் கண்டங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வட்டவிதானையார் என்று தலைமுறை தலைமுறையாக வகுக்கப்பட்ட ஒழுங்கொன்றின் கீழே அந்த வயல்கள் விளைந்து வந்தன. களவெட்டிக்குள் செருப்போடு புகாமலும், சூடு மிதிக்கும் வேளையில் அதற்கென்றே வழங்கும் தனிச்சொற்களையன்றி வேறு சொல் பேசாமலும், விளைநிலத்தை ஒரு கோயிலாகப் பாவித்து வந்த ஜனங்கள் அவர்கள். பயிரைப் பூச்சி பிடித்தால் தண்ணீரை வடித்தும் கட்டியும் பார்ப்பார்கள். மந்திரம் தெரிந்த பெரியவரை அழைத்து நீர் ஓதித் தெளிப்பிப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால், அந்தப் போகம் போயிற்று என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு அடுத்த மாரியைப் பார்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட வயலுக்குள், ஒரு துளி உடம்பிலே பட்டாலும் மனிதனைச் சாய்க்கவல்ல விஷம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதும், வந்த விஷங்களில் எது கொடியது, எது அத்துணைக் கொடியதன்று என்று தரம் பிரித்தறிய இந்தத் தேசம் எத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்தது என்பதும், நம் சரித்திரத்திலே போதிய அளவு எழுதப்படாத பகுதிகள்.

முதலில் வந்த இரசாயனம் வயலுக்கென்று வரவில்லை. வீட்டுச் சுவருக்கென்று வந்தது. உலர் வலயம் முழுவதையும் மலேரியாக் காய்ச்சல் வாட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1946ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையெங்கும் டி.டி.டி. தெளிக்கும் இயக்கம் நடைபெற்றது. அதன் பயனாக 1963ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர் என்பது உலக வைத்திய சாஸ்திரமே வியந்து பேசிய செய்தி. காய்ச்சலின் பயம் குறைந்த அதே காலத்தில், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தினால் காடாய்க் கிடந்த நிலங்கள் கொலனிகளாக மாறின. வெல்லாவெளிக்கு அண்டையிலுள்ள குடியேற்றங்களில் சில இன்றைக்கும் இலக்கத்தினாலேயே அறியப்படுகின்றன. காய்ச்சலை ஒழித்த வெண்ணிறத் தூளின் மேல் ஜனங்களுக்கு ஏற்பட்ட விசுவாசம், அதன் பின் வந்த இரசாயனங்களுக்கும் உரித்தாயிற்று என்றே எண்ணுகிறேன். 1950களின் இறுதியில் எச்-4 நெல்லும், பின்னர் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தின் புதிய இனங்களும் வந்தபோது, அவை உரத்தையும் கூடவே அழைத்து வந்தன. உரமுண்டு செழித்த பயிருக்குப் பூச்சி வந்தது. பூச்சிக்குப் போத்தல் வந்தது. அந்தப் போத்தலுக்கு நம்மவர் வைத்த பெயர் மருந்து என்பது.

அவ்வாறு வந்த போத்தல்களுள் படுவான்கரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஒருங்கே பெயர் பெற்றது பொலிடோல். பரதியோன் என்னும் விஷத்தின் வியாபாரப் பெயர்களுள் அதுவும் ஒன்று. ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்னும் இரசாயன விஞ்ஞானி, பூச்சிகளைக் கொல்லும் பாஸ்பரசுச் சேர்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, 1936ஆம் ஆண்டிலே யுத்தப் பிரயோகத்துக்குரிய நரம்பு விஷமாகிய தாபுன் அவர் கையில் அகப்பட்டது. அதே ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 1944இல் பரதியோன் பிறந்தது. போர்க்களத்து விஷமும் வயலுக்கு அடிக்கும் மருந்தும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பது, அந்த மருந்தைத் தோளிலே சுமந்த கமக்காரர் எவருக்கும் சொல்லப்படவில்லை. 1958ஆம் ஆண்டிலே கேரளத்தில், கப்பலிலே பொலிடோலோடு ஏற்றப்பட்டு அது கசிந்து கலந்த கோதுமை மாவை உண்டு நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த அவலமே 1968இல் இந்தியப் பூச்சிகொல்லிச் சட்டம் இயற்றப்படுவதற்குத் தூண்டுகோலாயிற்று.

இவ்விடத்தில் வயலுக்குள் நடந்ததைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும். காலை வெயில் ஏறுவதற்கு முன்னர், சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர், வாய்க்காலிலே அள்ளிய தண்ணீரால் டாங்கியை நிரப்பி, போத்தலின் மூடியையே அளவாகக் கொண்டு மருந்தை ஊற்றி, வரம்பிலே முறித்த குச்சியினால் கலக்கி, அந்த டாங்கியை முதுகிலே ஏற்றிக்கொண்டு, வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறார். இடக்கை பம்பியை இயக்க, வலக்கை குழாயை வீசுகிறது. காற்று எதிர்த்தடித்தால் மருந்துப் புகார் முகத்திலே படியும். டாங்கியின் மூடி சரியாக இறுகாவிட்டால் முதுகு வழியே வழிந்து சாரத்தை நனைக்கும். அந்த ஈரத்தோடேயே வெயில் உச்சிக்கு வரும்வரை அவர் நடப்பார். பிற்பகலிலே தலைவலி, வாயில் உமிழ்நீர் ஊறுதல், வியர்வை, கண் மங்கல், தசைத் துடிப்பு ஆகியவை தோன்றினால், வெயிலின் கோலம் என்று சொல்லித் தேசிக்காய்த் தண்ணீர் கொடுப்பார்கள். நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் திரவியத்தைச் சிதைத்து அமைதிப்படுத்தும் நொதியொன்று உடலில் உண்டு. இவ்விஷம் அந்த நொதியைச் செயலறச் செய்துவிடுவதால், நரம்புகள் ஓய்வின்றித் துடித்து, முடிவிலே சுவாசத் தசைகளும் சோர்ந்துபோகின்றன. கண்மணி குண்டூசி முனையளவாகச் சுருங்கியிருப்பதைக் கண்டு அற்றோப்பின் ஏற்றும் வைத்தியர், வாவிக்கு அப்பால் எழுவான்கரையில் இருந்தார்.

விஷங்களை ஒழுங்காகத் தரம் பிரிக்கும் முறை எங்கிருந்து வந்தது? 1927ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் ட்ரெவன் என்னும் மருந்தியலாளர், டிஜிட்டாலிஸ் முதலிய வீரியமிக்க மருந்துகளின் பலத்தை நிறுக்க ஓர் உபாயம் கண்டார்: ஒரே அளவு மருந்தைப் பெற்ற பிராணிகளில் செம்பாதி எந்த அளவில் இறக்கின்றனவோ, அந்த அளவே அம்மருந்தின் உயிர்கொல் பிரமாணம். மருந்தை நிறுக்க எழுந்த அந்தத் தராசு, பிற்காலத்திலே விஷத்தை நிறுக்கவும் உதவிற்று. 1975ஆம் ஆண்டு உலகச் சுகாதார மகாசபை ஏற்றுக்கொண்ட வகைப்பாட்டிலே, பீடைகொல்லிகள் யாவும், எலிக்கு வாய்வழியாகவும் தோல்வழியாகவும் கொடுத்துக் கண்ட இந்தப் பிரமாணத்தைக் கொண்டே வகுக்கப்பட்டன. வாய்வழிக் கணக்கிலே, எலியின் உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 5 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ போதுமான திண்மப் பொருள்கள் அதிதீவிர அபாயமுள்ள முதலாம் வகுப்பின் அ பிரிவு. 50 வரை சென்றால் அதே வகுப்பின் ஆ பிரிவு. 500 வரை இரண்டாம் வகுப்பாகிய நடுத்தர அபாயம். அதற்கு மேல் மூன்றாம் வகுப்பு. திரவங்களுக்கு இவ்வெல்லைகள் நான்கு மடங்கு உயர்த்தி வைக்கப்பட்டன. பரதியோன் முதல் வகுப்பின் முதற் பிரிவிலே அமர்ந்தது. வகுப்புக்கேற்பப் போத்தலின் அடியிலே சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறப்பட்டி இடுவதும் பின்னர் வழக்காயிற்று.

எலியைக் கொண்டு மனிதனுக்கு விதி செய்தல் தகுமோ என்று கேட்கலாம். அன்றைக்கு வேறு அளவுகோல் கையில் இல்லை. ஒன்றுமில்லாத இடத்தில் ஓர் ஒழுங்கை நாட்டியவர்களைக் குறை சொல்வது நியாயமன்று. ஆயினும் அந்த அளவுகோல் எங்கே பிழைத்தது என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டிய நாடுகளில் இலங்கை முதன்மையானது. அந்தப் பணியைத் தொடங்கி வைத்தோரில் ஒருவர் ஜெயரத்தினம் என்னும் தொழிற்சுகாதாரப் பேராசிரியர். இவர், அந்த வகைப்பாட்டின் உருவாக்கத்திலேயே பங்குகொண்ட உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த கொப்பிள்ஸ்டன் முதலியோருடன் சேர்ந்து 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இலங்கையில் ஆண்டுதோறும் சராசரி 13,000 பேர் பீடைகொல்லி விஷத்தினால் ஆஸ்பத்திரிகளில் அனுமதிக்கப்படுவதையும், ஏறக்குறைய 1,000 பேர் மடிவதையும் முதன்முறையாகக் கணக்கிட்டு வைத்தது. அவர்களில் பெரும்பாலோர் தாமே விஷத்தை அருந்தியவர்கள். எஞ்சியவர்கள் தொழிலினாலும் தவறுதலாலும் விஷம் ஏறியவர்கள். வகுத்தவரும் எண்ணியவரும் ஒரே ஏட்டில் கையொப்பமிட்டார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பேராதனையிலே பீடைகொல்லிகள் பதிவாளர் காரியாலயம் அமைந்தது. பதிவு செய்யாத விஷத்தை விற்பது குற்றமாயிற்று. 1984இல் பரதியோனும் மெதைல் பரதியோனும் தடை செய்யப்பட்டன. ஆயினும் முதலாம் வகுப்பைச் சேர்ந்த மொனோகுரோட்டபோசும் மெதமிடோபோசும் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, 1995ஆம் ஆண்டு வரை அவற்றையும் படிப்படியாக விலக்கவேண்டியதாயிற்று. அதே 1995ஆம் ஆண்டிலேதான் இலங்கையின் தற்கொலை வீதம் லட்சத்துக்கு 47 என்னும் உச்சத்தைத் தொட்டிருந்தது. உலகிலே மிகவும் உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று.

முதலாம் வகுப்பு ஒழிந்ததும் துன்பம் தீர்ந்துவிடும் என்றுதான் எவரும் நினைத்திருப்பர். நடந்தது வேறு. வெற்றிடத்தை எண்டோசல்பான் நிரப்பிற்று. எலிக் கணக்கின்படி அது நடுத்தர அபாயமுள்ள இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது. ஆனால் அதை அருந்தியவருக்கு விடாத வலிப்புக் கண்டது. அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. 1994இல் ஒன்றாயிருந்த எண்டோசல்பான் மரணம் 1998இல் 50ஆயிற்று. அவ்வாண்டே அது தடை செய்யப்பட, மூன்று ஆண்டுகளில் 3ஆகத் தாழ்ந்தது. மஞ்சள் பட்டியைக் கண்டு நடுத்தரம் என்று நம்பியவர்களின் கணக்கு எங்கே தவறிற்று என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அந்தத் தவறின் மூலத்தை அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் உள்ள ஆஸ்பத்திரி வாட்டுகளிலே தேடியவர்கள், மைக்கல் எடில்ஸ்டன், அன்ட்ரூ டோசன் ஆகிய வைத்தியர்களும் அவர்களோடு உழைத்த இலங்கை வைத்தியர்களும் ஆவர். எந்த விஷத்தை அருந்தியவர் எத்தனை பேர், அவர்களில் மாண்டவர் எத்தனை பேர் என்று கட்டிலுக்குக் கட்டில் நின்று எழுதினார்கள். 2005ஆம் ஆண்டில் வெளியான அவர்களுடைய ஆய்வொன்றின்படி, குளோர்பைரிபோஸ் அருந்தியவர்களில் நூற்றுக்கு 8 பேரும், பென்தியோன் அருந்தியவர்களில் 16 பேரும், டைமெதோயேற் அருந்தியவர்களில் 23 பேரும் மரித்தனர். மூன்றும் ஒரே இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தவை. எலியின் கணக்கிலே ஒரே பந்தியில் அமர்ந்த அவற்றுக்கிடையே, மனிதனின் கணக்கிலே மூன்று மடங்கு வித்தியாசம் கிடந்தது. 2010ஆம் ஆண்டில் 9,302 நோயாளரைக் கொண்டு டோசன் முதலியோர் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பரக்குவாற் என்னும் களைநாசினியை அருந்தியோரில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் இறந்தமை நிறுவப்பட்டது. அதுவும் இரண்டாம் வகுப்பே.

பரக்குவாற்றை நம் கமக்காரர்கள் அறிந்த பெயர் கிராமக்சோன். வரம்பிலே முளைத்த கோரையை ஒரே நாளில் கருக்கிவிடும் அதன் வேகம் கண்டு பிரியப்படாதவர் இல்லை. அதை அருந்தியவரின் நிலையோ மிகக் கொடூரம். முதல் நாளில் அவர் நன்றாகப் பேசுவார். நாக்கும் தொண்டையும் புண்ணாகி எரியும். கோபத்தில் செய்துவிட்டேன், என்னைக் காப்பாற்றுங்கள் என்று தாயின் கையைப் பற்றிக்கொண்டு அழுவார். வீட்டாரும் ஆபத்துக் கடந்துவிட்டது என்றே நம்புவர். பிறகு நாளுக்கு நாள் சுவாசப்பை தடித்து இறுகி, மூச்சு ஒவ்வொன்றும் பாரமாகி, முழு அறிவோடேயே அவர் முடிவை அடைவார். அற்றோப்பின் இங்கே உதவாது. பிராணவாயுவும் நோயைப் பெருக்கக்கூடும் என்று அஞ்சி வைத்தியர்கள் அதனை எளிதிலே கொடார். எலிப் பரீட்சையில் இத்தனையும் தெரியவில்லை. ஆகையினால் பரக்குவாற், டைமெதோயேற், பென்தியோன் ஆகிய மூன்றையும் 2008ஆம் ஆண்டு தொடக்கம் படிப்படியாகக் குறைத்து 2011இல் முற்றாக விலக்கிவிட இலங்கை தீர்மானித்தது. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் பட்டியலிலே 2009ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னும் அவை இரண்டாம் வகுப்பிலேயே நின்றன; பேராதனையில் இருந்தவர்கள் பட்டியலைக் கடந்து வாட்டின் சாட்சியத்தை ஏற்றார்கள்.

இந்த விலக்கல்கள் அனைத்தின் பயனையும் அறிவதற்கு மனித மனத்தைப் பற்றிய ஓர் உண்மையையும் அறிதல் வேண்டும். விஷம் அருந்தியவர்களில் மிகப் பலர் சாவை நெடுநாள் யோசித்துத் தேர்ந்தவர்களல்லர். சண்டையிலோ அவமானத்திலோ ஒரு கணத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்தவர்கள். அந்தக் கணத்திலே வீட்டில் இருந்தது எந்தப் போத்தல் என்பதே, மறுநாள் அவர் உயிரோடிருப்பாரா என்பதைத் தீர்மானித்தது. படுவான்கரையில் இதன் பொருள் இன்னும் அழுத்தமானது. 2007ஆம் ஆண்டு வரை அப்பகுதி பெரும்பாலும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த காலத்தில், நோயாளியை வாவிக்கு அப்பாலுள்ள களுவாஞ்சிகுடிக்கோ மட்டக்களப்புக்கோ கொண்டுசெல்வதென்றால், பாலத்தையும் சோதனைச் சாவடியையும் கடக்கவேண்டும். மண்டூர்ப் பக்கத்திலிருந்தென்றால் குருமண்வெளிக்குச் செல்லும் பாதைப் படகுக்காகத் துறையில் காத்து நிற்கவேண்டும். அத்தகைய தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் விஷமும் உண்டு, பொறுக்காத விஷமும் உண்டு. பொறுக்காதவை கடைகளிலிருந்து நீங்கியதனால், அருந்துவோர் தொகை பெரிதும் குறையாத காலத்திலும் மரணங்கள் குறைந்தன. 2005ஆம் ஆண்டளவில் நாட்டின் தற்கொலை வீதம் பாதியாயிற்று. 1995க்கும் 2015க்கும் இடையே ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டிருக்கின்றனர். போத்தலைப் பூட்டி வைக்கும் பெட்டிகளை, ஆய்வுக்கெடுத்த 180 கிராமங்களில் பாதியிலே கொடுத்துப் பார்த்த பெரும் பரிசோதனையோ, 2017இல் வெளியான முடிவின்படி, தற்கொலை முயற்சிகளைக் குறைக்கவில்லை. பூட்டும் புத்திமதியும் செய்யாததைத் தேர்ந்தெடுத்த தடை செய்தது. அதனால் நெல் விளைச்சலும் குறையவில்லை. ஒரு மருந்து போனால், அத்துணைக் கொடிதல்லாத மற்றொன்று அதன் வேலையைச் செய்தது.

போத்தலிலே ஒட்டிய சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1992ஆம் ஆண்டு ரியோ மகாநாட்டிலே வேண்டப்பட்டு, 2003இல் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட உலகப் பொது வகைப்பாட்டு முறை, கபாலமும் குறுக்கெலும்பும், தீச்சுவாலை, செத்த மீனும் பட்ட மரமும் முதலிய ஒன்பது சின்னங்களைச் சிவப்பு விளிம்பிட்ட சாய்சதுரங்களுக்குள் அமைத்து, எல்லாத் தேசத்தாரும் ஒரே விதமாக விளங்கிக்கொள்ளும்படி செய்தது. உயரிய நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கடன்பட்டு விதைக்கும் கமக்காரர், முழுப் போத்தலுக்குக் காசில்லாமல் அயலவரிடத்தில் அரைப் போத்தல் ஊற்றி வாங்கும்போது, சீட்டு அங்கேயே தங்கிவிடுகிறது. சோடாப் போத்தலிலே வீட்டுக்கு வருவது பெயரும் வகுப்பும் இல்லாத விஷம். விவசாயப் போதனாசிரியர்கள் இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் எடுத்துச் சொல்லியும், வறுமை இருக்கும்வரை அந்த வழக்கம் முற்றாக ஒழியும் என்று நான் நம்பவில்லை. ஆகையினாலேயே சீட்டின் சிவப்பைக் காட்டிலும் பதிவேட்டிலிருந்து பெயரை அடிக்கும் பேனா பலமுடையது என்கிறேன்.

உடனே கொல்லும் விஷத்தை அளந்துவிட்டோம். மெல்லக் கொல்லுவதை அளப்பது அதனினும் கடினம். உடனடி நஞ்சின் வரிசையிலே தாழ்ந்த படியில் நின்ற கிளைபோசேற், 2015ஆம் ஆண்டு மார்ச்சில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தினால் மனிதருக்குப் புற்றுநோயை விளைக்கக்கூடியதாகக் கருதத்தக்கவற்றுள் சேர்க்கப்பட்டது. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயின் அச்சமும் சேர்ந்துகொள்ள, அவ்வாண்டே இலங்கை அதைத் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்திற்று. ஒரே பொருள் ஒரு கணக்கில் சாதுவாகவும் மற்றொரு கணக்கில் சந்தேகத்துக்குரியதாகவும் நிற்கக்கூடும் என்பதைக் கமக்காரருக்கு எடுத்து விளக்குவார் அருகினர்.

2021ஆம் ஆண்டு மே மாதத்திலே இரசாயன உரத்தையும் பீடைகொல்லிகளையும் ஒருசேர இறக்குமதி செய்யவொட்டாமல் தடுத்த கட்டளை பிறந்தபோது, நாற்பது ஆண்டுகளாக விஷத்தையும் விஷத்தையும் வேறுபிரித்துக் கற்ற கல்வி முழுவதும் ஒதுக்கி வைக்கப்பட்டது. பதரோடு நெல்லையும் சேர்த்துத் தூற்றி எறிந்தாற்போன்ற அந்தச் செய்கையினால், பெரும்போகத்து விதைப்புக்கு உரமும் இல்லை, களைக்கு மருந்தும் இல்லை என்று கமக்காரர்கள் வீதிக்கு வந்தார்கள். நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. ஆனால் படுவான்கரையில் பெரும்போக விதைப்பு மாரியோடு தொடங்குவதாகையால், நீக்கிய செய்தி வரும்போது விதை சேற்றில் விழுந்திருந்தது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அறுத்த அந்தப் போகத்தின் நெல் நாடெங்கும் வெகுவாகக் குறைந்தது. மொனோகுரோட்டபோசையும் பரக்குவாற்றையும் தடை செய்தவர்கள், ஒவ்வொன்றுக்கும் மரணக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, மாற்று எது என்பதையும் பார்த்துவிட்டு, தவணை கொடுத்துத் தடை செய்தார்கள்; 2021இல் அந்த மூன்றில் ஒன்றையும் ஒருவரும் கேட்கவில்லை.